ஃபேண்டஸியும் பனங்காடும்: அடிக்கடி கேக்கற கேள்விங்க

பாலக்காட்டுல கொழிஞ்சாம்பாறைப் பக்கம் எங்கூரு வாயனசாலைல, அதாவது நூலகத்துல, ஞாயித்துக்கெழமையானா பசங்களுக்கு படம் வரையவும் கதை எழுதவும் சொல்லித் தர்றேன். பதினஞ்சு இருவது பேரு வருவாங்க, பாதி மலையாளம் மீடியம், பாதி தமிழ் மீடியம், சண்ட போடறது மட்டும் ரெண்டு பாஷைலயும். ரெண்டு வருஷமா ஃபேண்டஸி கதைங்களத்தான் எடுத்துப் பேசிட்டிருக்கோம், அதுல வர்ற காடு, தோட்டம், மில்லு, கொளம் எல்லாம் எங்கிருந்து வந்துச்சுன்னு. பசங்க கேக்கறதவிட கூட்டிட்டுப் போக வர்ற அப்பா அம்மா கேக்கற கேள்விதான் ஜாஸ்தி, அதுவும் திரும்பத் திரும்ப அதேதான், சரி ஒரேடியா எழுதி வெச்சுட்டா தொல்ல விட்டுதுன்னு உக்காந்துட்டேன்.

கேள்வி: ஃபேண்டஸின்னா டிராகன், மந்திரவாதி, வாள் சண்டை. இதுல கிராமம் எங்கிருந்துங்க வந்துச்சு?

டிராகன் பொறவுதாங்க வரும். 1937ல வந்த ‘த ஹாபிட்’ங்கற நாவல எடுத்துக்கங்க, டிராகன் கதைதான், ஆனா மொத அத்தியாயம் பூராவும் சோத்துக் கதை. சொல்லாம கொள்ளாம பதிமூணு குள்ளருங்க ஒரு மந்திரவாதியோட வந்து எறங்கி டீ கொண்டா கேக்கு கொண்டான்னு அடுக்களையவே காலி பண்றாங்க, வீட்டுக்காரன் பில்போ வெளிய போன்னு சொல்லவும் முடியாம மூஞ்சியச் சுளிக்கவும் முடியாம ஓடி ஓடி எடுத்து வெக்கறான். நோம்பிக்கு ஒறம்பரை வந்து எறங்குன வீடு மாதிரியே இருக்கும். அந்த அடுக்களைய நீங்க நம்பிட்டீங்கன்னா அக்கட்டால வர்ற டிராகனையும் நம்பிருவீங்க. எடுத்த எடுப்புல டிராகன விட்டா எவனும் பயப்பட மாட்டான், அது சும்மா பெரிய ஓணான்.

கேள்வி: அத எழுதுன டோல்கீன் கிராமத்து ஆளா?

அப்பிடிச் சொல்ல முடியாது. பொறந்தது 1892ல தென்னாப்பிரிக்காவுல. சின்ன வயசுலயே அம்மாவோட இங்கிலாந்து வந்துட்டாரு, அப்பா அங்கயே எறந்துட்டாரு. 1896ல பர்மிங்காம் டவுனுக்கு வெளிய சேர்ஹோல்ங்கற ஒரு குட்டி ஊர்ல வாடகைக்கு வந்தாங்க, 1900ல காலி பண்ணிட்டு டவுனுக்குள்ள போயிட்டாங்க. அவ்ளோதான், நாலே வருஷம், அவருக்கு நாலு வயசுல இருந்து எட்டு வயசு வரைக்கும். அதுக்கப்பறம் ஸ்கூலு, காலேஜு, மொத உலகப்போரு, ஆக்ஸ்ஃபோர்டுல வாத்தியார் வேலைன்னு காலம் போயிருச்சு. ஆனா 1954, 55ல ‘த லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ மூணு பாகமா வந்தப்போ அதுல ஹாபிட்டுங்கற குட்டை மனுசங்க வாழற ஷயர்ங்கற நாடு எதுன்னு கேட்டா, விக்டோரியா ராணியோட வைரவிழா நடந்த காலத்து வார்விக்‌ஷயர் கிராமம் மாதிரின்னு அவரே லெட்டர்ல எழுதியிருக்காரு. வைரவிழா 1897. அப்ப அவரு அஞ்சு வயசுப் பையன்.

ஹாபிட்டோட உசரம் ரெண்டடிக்கும் நாலடிக்கும் நடுவுல. அஞ்சு வயசுப் பையன் உசரமும் அதுதான. இது யாரும் சொன்னதில்ல, நானா போட்ட கணக்கு, தப்பாவும் இருக்கலாம். ஆனா வேலியோட அடிவாரம், காளான், கிழங்கு, கதவுக் கைப்பிடி இதெல்லாம் அந்தக் கதைல அவ்ளோ பக்கத்துல தெரியறதுக்கு எனக்கு வேற காரணம் தோணல.

கேள்வி: அந்த ஊர்ல அப்பிடி என்னதான் இருந்துச்சு?

ஒரு மில்லு இருந்துச்சு. ஆத்துத் தண்ணில சக்கரம் சுத்தற மில்லு, தண்ணி கொறஞ்சா ஓட்டறதுக்கு ஸ்டீம் இஞ்சினும் மாட்டியிருந்தாங்க, அதுக்கு ஒரு செங்கல் பொகக்கூண்டு. டோல்கீன் பாத்த காலத்துல அங்க தானியம் அரைக்கறதவிட ஒரத்துக்காக எலும்பு அரைக்கறதுதான் மெயின் வேலை. மில்லுக்காரரோட மகன் தலைல இருந்து கால் வரைக்கும் வெள்ளத் தூசி படிஞ்சு நிப்பான், டோல்கீனும் தம்பியும் எட்டிப் பாத்தா கத்தி வெரட்டுவான். ரெண்டு பேரும் அவனுக்கு வெச்ச பேரு வெள்ளை ராட்சசன். இன்னொரு தோட்டக்காரரு, காளான் புடுங்குனதுக்காகத் தொரத்துனவரு, அவரு கருப்பு ராட்சசன்.

இப்ப யோசிச்சுப் பாருங்க. எலும்பு அரைக்கற எடம், மூஞ்சியே தெரியாத அளவுக்கு வெள்ளையா ஒரு ஆளு, அவன் போடற சத்தம். ராட்சசனுக்கு இன்னும் என்ன வேணும்? கற்பன பண்ண வேண்டியது கம்மி, பாத்தது ஜாஸ்தி. பெரிய நாவல்லயும் காளான் திருடுன ஹாபிட்டப் புடிச்சு நாய விட்டு வெரட்டுன மேகட்டுங்கற விவசாயி வர்றாரு.

அந்த மில்லுக் கொளத்து மேல சாஞ்சாப்பல ஒரு வில்லோ மரம், அவரு ஏறி வெளையாடுன மரம். ஒரு நாள் அத வெட்டிட்டாங்க. வெட்டி எதுக்கும் எடுத்துக்கல, அப்பிடியே போட்டுட்டுப் போயிட்டாங்க. வயசான காலத்துலயும் அவரு அத மறக்கல. அவரு கதைல மரங்க எந்திரிச்சு நடந்து போயி கோட்டைய ஒடைக்குதுன்னா அது சும்மா வரல.

எனக்கு அது நல்லாப் புரியும். எங்க தோட்டத்து வரப்புல நாலு பனை நின்னுச்சு. செங்கச் சூளைக்கு வெலைக்குக் கேட்டாங்கன்னு வித்துட்டாங்க, வித்தது எங்க வீட்டு ஆளுதான், வேற யாரையும் சொல்லிக்க முடியாது. மூணு மரம் லாரில ஏறுச்சு, நாலாவதுக்கு எடமில்லன்னு போட்டுட்டுப் போனவங்க திரும்பி வரவே இல்ல. மட்டைல தொங்கிட்டிருந்த தூக்கணாங்குருவிக் கூடெல்லாம் மரத்தோட சேந்து மண்ணுல கெடந்துச்சு. ரெண்டு மழைக்காலம் அப்பிடியே கெடந்து மக்குச்சு. வித்த காசு என்னாச்சுன்னு ஞாபகமில்ல, மரம் கெடந்த எடம் இப்பவும் தெரியும்.

கேள்வி: அப்ப மெஷின்னாலே வில்லன், பழசுன்னாலே நல்லதா?

கதைல ஓரளவுக்கு அப்பிடித்தான் வருது, சாருமான்ங்கற மந்திரவாதி காட்ட வெட்டி ஒலைல போடறான், கடைசில ஷயருக்குள்ளயே பெரிய மில்லு வந்து ஆத்துத் தண்ணி நாறிப் போகுது. ஆனா எங்க அம்முச்சி, அம்மாவோட அம்மா, அவங்க கிட்ட இதச் சொன்னா என்னத் தொரத்தியிருப்பாங்க. ஒரல்ல குத்திக் குத்திக் கையெல்லாம் காப்புக் காச்சுப் போயிருந்த பொம்பள, ஊருக்குள்ள ரைஸ் மில்லு வந்த அன்னிக்கு அந்த மில்லுக்காரருக்கு வெத்தல பாக்கு வெச்சுக் குடுத்தாங்களாம். எனக்குத் தெரிஞ்சு டோல்கீனுக்கு ஆகாதது மெஷின் இல்ல, எதுக்குன்னே தெரியாம வெட்டிப் போட்டுட்டுப் போறது. சேர்ஹோல் மில்ல இடிக்கப் போனப்போ அதக் காப்பாத்தி ரிப்பேர் பண்ண அவரும் காசு குடுத்திருக்காரு, அதே மெரட்டுன மில்லுக்குத்தான். இப்ப அது மியூசியம்.

கேள்வி: கதை சரி, ஓவியத்துல?

வில்லியம் மோரிஸ்னு ஒருத்தர், டோல்கீனுக்கு முந்துன தலைமொற, டோல்கீன் விரும்பிப் படிச்சவரு. ஃபேண்டஸி நாவல் எழுதுனதோட துணிக்கும் சுவருக்கும் டிசைன் போட்டவரு. 1883ல அவரு போட்ட ‘ஸ்ட்ராபெரி தீஃப்’ங்கற துணி டிசைன் இன்னிக்கும் திரைச்சீலைல, பைல, நோட்டு அட்டைலன்னு ஓடிட்டிருக்கு. என்னடான்னா அவரு கெல்ம்ஸ்காட் வீட்டுத் தோட்டத்துல பழம் பழுத்தா வலைக்கடியில பூந்து குருவிங்க திருடிருமாம், அதான் டிசைன். சோளக்காட்டுல கிளி வந்தா நாம தகரத்தத் தட்டுவோம், அந்த மனுசன் பென்சில எடுத்திருக்காரு.

ஸ்வீடன்ல ஜான் பாவர்னு ஒருத்தரு, 1907ல இருந்து வருஷா வருஷம் வந்த ஒரு கதைத் தொகுப்புக்குப் பூதம் வரைஞ்சவரு. அவரு பூதத்த நல்லாப் பாருங்க, பாசி புடிச்ச பாறைக்கு மூக்கு வெச்சாப்ல இருக்கும். அவரு ஊரு பூரா அந்த மாதிரி பாறைதான். டோல்கீனும் படம் போடுவாரு, ஹாபிட்டன் ஊர அவரே வாட்டர்கலர்ல வரைஞ்சிருக்காரு, மொதல்ல கண்ணுல படறது என்ன தெரியுமா, மில்லு.

கேள்வி: என் பொண்ணு டோட்டோரோ பைத்தியமா இருக்கா. அந்தக் காடு நெசமா?

நெசந்தாங்க. 1988ல ஜப்பான்ல மியாசாக்கி எடுத்த கார்ட்டூன் படம், டோட்டோரோங்கறது அதுல வர்ற காட்டுப் பூதம். அவரு குடியிருக்கற டோக்கோரோசாவா பக்கம் சயாமாங்கற குன்றுக் காடுதான் அதுக்கு மூலம். டவுன் பெருகிப் பெருகி அந்தக் காடு சுருங்குனப்போ 1990ல ஒரு நிதி ஆரம்பிச்சு, ஜனங்க குடுத்த காசுல துண்டு துண்டா நெலம் வாங்கிக் காப்பாத்திட்டு வர்றாங்க, அதுக்கு டோட்டோரோ பேரத்தான் வெச்சிருக்காங்க. ஒரு கார்ட்டூன் பூதம் நெசக் காட்டுக்குப் பட்டா வாங்கிக் குடுத்திருக்கு, எனக்கு இந்த விஷயத்துல தீராத சந்தோஷம்.

இன்னொண்ணு கவனிங்க. அது அடர்ந்த காடு இல்ல. மலைக்கும் நெல்லு வயலுக்கும் நடுவுல, வெறகுக்கும் எலை ஒரத்துக்கும் ஊர்க்காரங்களே வெட்டி வெட்டி வளத்த காடு, ஜப்பான்ல சத்தோயாமான்னு சொல்றாங்க. யாரும் போகாத காட்டுல டோட்டோரோ இல்ல, வீட்டுக்குப் பின்னாடி புதருக்குள்ள ஒரு சந்து, அதுல குழந்தை மட்டும் நொழையற மாதிரி ஒரு ஓட்டை, அதுல பூந்து போனாத்தான் இருக்கு. கசுவோ ஓகாங்கறவரு வரைஞ்ச பின்னணிய நிறுத்தி நிறுத்திப் பாருங்க, வரப்புல இருக்கற ஒவ்வொரு களையும் இன்ன செடின்னு தெரியும்.

நம்ம பக்கம் அதுக்கு ஒரு எடம் இருந்துச்சு, இட்டேரி. ரெண்டு தோட்டத்து வேலிக்கு நடுவுல போற மண் தடம். ரெண்டு பக்கமும் கிளுவையும் கள்ளியும், மேல பெரண்டையும் கோவைக்கொடியும் படந்து, நடுவுல மாட்டு வண்டி போற அகலம். உள்ள கீரி, காடை, ஓணான், பாம்புச் சட்டை. பொழுது எறங்குனா அதுல முனி நடக்கும்னு அப்பாரு சொல்லுவாரு, நாங்க ஒரே ஓட்டம். இப்ப கம்பிவேலி போட்டு நடுவுல காங்கிரீட் ரோடு போட்டுட்டாங்க. கம்பிவேலில முனி நடந்தா அக்கட்டால பளிச்சுனு தெரிஞ்சுருமே, அது எங்க வரும்.

கேள்வி: தமிழ்ல பழசுல இந்த மாதிரி ஏதாச்சும் உண்டா, இல்ல எல்லாம் வெளிநாட்டுச் சரக்கா?

நல்லாக் கேட்டீங்க. இப்ப ஃபேண்டஸி எழுதறவங்க வேர்ல்ட் பில்டிங்னு பெருசாப் பேசறாங்க, ஒரு உலகத்த உண்டாக்கணும்னா அங்க என்ன சாமி, என்ன சாப்பாடு, என்ன மிருகம்னு மொதல்ல லிஸ்ட் போடணும்னு. தொல்காப்பியத்துல கருப்பொருள்னு போட்டிருக்கறது அதேதான்: தெய்வம், உணவு, மா, மரம், புள், பறை, செய்தி, யாழ். செய்தின்னா தொழிலு. மலைன்னா முருகன், தினை, தேனு. காடுன்னா மாயோன், மாடு மேய்க்கறது. பொம்பள காத்திருக்கறான்னு சொல்ல வேண்டியதில்ல, முல்லை பூத்துருச்சுன்னாப் போதும், கேக்கறவனுக்குப் புரிஞ்சுரும்.

எனக்குப் புடிச்சது புறநானூத்துல கபிலர் பாடுன பறம்பு மலை. பாரிய மூணு ராஜாவும் வளைச்சு நிக்கறாங்க, சோறு தண்ணி இல்லாம பட்டினி போட்டுப் புடிச்சரலாம்னு. கபிலர் போயி வீரத்தப் பத்திப் பேசல, அந்த மலைல உழாமயே கெடைக்கறது நாலு இருக்கு, மூங்கில் நெல்லு, பலா, வள்ளிக்கிழங்கு, தேனு, நீங்க நின்னுட்டே இருங்கன்னு சொல்றாரு. பலசரக்குக் கடை லிஸ்ட் மாதிரி இருக்கும், ஆனா அந்த லிஸ்ட்டுதான் கோட்டை. டோல்கீன் கதைல எதிரி நாட்டு எல்லைல உசுரு போற நேரத்துல சாம்ங்கற தோட்டக்காரன் முயல் கொழம்பு வெக்கறதுக்கு மசால் எலை தேடுவான், அத வாசிக்கறப்போ எனக்குக் கபிலர்தான் ஞாபகம் வருவாரு.

கேள்வி: நம்ம பாலக்காட்டுப் பக்கம்?

இருக்கறதுலயே பெருசு யட்சிக் கதைதான். கொட்டாரத்தில் சங்குண்ணி தொகுத்த ஐதீஹ்யமாலைல இருந்து எங்க அப்பத்தா சொன்னது வரைக்கும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி. ராத்திரி தனியா போறவன் கிட்ட அழகான பொம்பள வந்து வெத்தலைக்குச் சுண்ணாம்பு கேப்பா. குடுத்தா பின்னாடி கூட்டிட்டுப் போவா, பெரிய மாளிகை தெரியும், உள்ள போவான். காலைல பாத்தா மாளிகை இல்ல, பனை மரம், அடில முடியும் நகமும் மட்டும் கெடக்கும்.

இத ரொம்ப வருஷம் சும்மா பேய்க் கதைன்னு விட்டுட்டேன். பொறவு ஒரு நாள் மரமேறி அண்ணன் ஒருத்தரு தெளுவு, அதான் பதநீ, எறக்கறதப் பக்கத்துல நின்னு பாத்துட்டிருந்தேன். மண் முட்டிக்குள்ள வெரல விட்டு சுண்ணாம்பு தடவிட்டிருந்தாரு, தடவலன்னா பொளிச்சுக் கள்ளாயிரும், தடவுனா இனிப்பாவே நிக்கும், கையெல்லாம் வெள்ளை. எனக்கு அப்பத்தான் பொறி தட்டுச்சு. பனையடில ராத்திரி நடமாட்டம், சுண்ணாம்பு, தனியா ஒரு ஆம்பள, காஞ்ச மட்டை காத்துல ஒரசி யாரோ நடக்கற மாதிரி சத்தம். யட்சி வானத்துல இருந்து வரல, பனைக்குக் கை எட்டற தூரத்துல இருந்த சாமானத்த வெச்சே பண்ணியிருக்காங்க. சேர்ஹோல்ல எலும்புத் தூசி, இங்க சுண்ணாம்பு. இது ஆராய்ச்சி இல்ல, என் யூகந்தான், ஆனா அந்த அண்ணன் கிட்ட சொன்னேன், அவரு சிரிச்சுட்டு, அதான் நான் வெத்தலையே போடறதில்லன்னாரு.

சிலைல பாக்கணும்னா மலம்புழா டேம் பார்க்குல கானாயி குஞ்ஞிராமன் 1969ல செஞ்ச யட்சி இருக்கு, சுமார் 30 அடி, பின்னாடி மலை. குடும்பத்தோட போறவங்க மூஞ்சியத் திருப்பிட்டு ஐஸ்கிரீம் கடைப் பக்கம் போயிருவாங்க, அது வேற கதை. அதே 1969லதான் ஓ.வி. விஜயனோட ‘கசாக்கின்டெ இதிகாசம்’ங்கற மலையாள நாவல் புஸ்தகமா வந்துச்சு. பாலக்காட்டுக்குப் பக்கத்துல தஸ்ராக்குங்கற ஊர்ல ஓராசிரியர் பள்ளிக்கூடத்துல அவரு தங்கச்சி டீச்சரா இருந்தாங்க, இவரு கூடப் போய்த் தங்குனாரு, அந்த ஊருதான் கசாக்கு ஆச்சு. அதுல தட்டாம்பூச்சின்னா செத்தவங்களோட ஞாபகம். பனங்காட்டுல மழைக்கு முன்னாடி தட்டான் கூட்டமாப் பறக்கறதப் பாத்தவங்களுக்கு அது ஏன்னு யாரும் வெளக்க வேண்டியதில்ல.

கேள்வி: வசதியா உக்காந்துட்டு கிராமம்னா சொர்க்கம்ங்கற மாதிரி எழுதறாங்களே, அது பொய்தான?

பல நேரம் பொய்தான். ஷயர்ல எல்லாரும் ஆறு வேளை சாப்பிடுவாங்க, யாரு களை புடுங்குனாங்கன்னு அவ்வளவா வராது. நம்ம கிராமத்துல எந்தக் கெணத்துல யாரு தண்ணி எடுக்கலாம்னு இருந்த கணக்க நாம மறந்துட்டு எளிமையான வாழ்க்கைன்னு சொல்லிட்டுத் திரியறோம். பனைல இருந்து விழுந்து இடுப்பு ஒடஞ்சவரு எங்க தெருவுலயே உண்டு, அவரு கிட்டப் போயி எளிமையான வாழ்க்கைங்கன்னு சொல்லிப் பாருங்க.

ஆனா எல்லாரும் தூரத்துல இருந்து பாத்தவங்க இல்ல. முயலுக்குக் கோட்டு மாட்டி வுட்ட பீட்டர் ராபிட் கதை, 1902, எழுதுன பீட்ரிக்ஸ் பாட்டர், அதுக்கு முன்னாடி வருஷக்கணக்கா காளான நுணுக்கமா வரைஞ்சு ஆராய்ச்சி பண்ணவங்க. கதை வித்த காசுல 1905ல ஒரு பண்ணை வாங்குனாங்க, பொறவு நெசமாவே ஆடு வளத்தாங்க, ஹெர்ட்விக்னு அந்த மலை ஆட்டு இனம், கண்காட்சில ஜட்ஜா நிக்கற அளவுக்கு. 1943ல எறந்தப்போ 4000 ஏக்கருக்கு மேல நேஷனல் டிரஸ்டுங்கற, நெலத்தையும் பழைய எடங்களையும் காப்பாத்தற அமைப்புக்கு எழுதி வெச்சிருந்தாங்க. ஆட்டுப் புழுக்கை மிதிச்சவங்க எழுதுன முயலுக்கும் மிதிக்காதவங்க எழுதுன முயலுக்கும் வித்தியாசம் தெரியும். பாட்டரோட கதை ஆரம்பத்துலயே அம்மா முயல் சொல்லும், அந்தத் தோட்டத்துக்குப் போகாதீங்க, உங்க அப்பா அங்கதான் கறிப்பணியாரமாப் போனாருன்னு.

கேள்வி: என் பையன் காடு வரைன்னா பைன் மரமும் பனியும் வரையறான். தப்பா?

தப்பெல்லாம் இல்ல, கார்ட்டூன்ல பாத்தது அதுதான. தமிழ்நாடு பூரா பசங்க வரையற அந்த ஒரே படம் இருக்கு பாருங்க, ரெண்டு மலை, நடுவுல சூரியன், கீழ ஆறு, ஓரமா ஒரு வீடு, ஒரு தென்னை. சிரிப்பாங்க. ஆனா நம்ம பசங்க மட்டும் அத தைரியமா வரையலாம், வடக்க நீலகிரி, தெக்க ஆனமலை, நடுவுல சுமார் 30 கிலோமீட்டர் கணவாய், சூரியன் அதுக்குள்ளயேதான் வருது. நான் சொல்றது ஒண்ணுதான், தென்னைய எடுத்துட்டு பனை போடு, அப்பறம் காத்து வரை. ஆனி ஆடில மேக்க இருந்து, கார்த்திகை மார்கழில கெழக்க இருந்து. காத்த எப்பிடி வரையறதுன்னு கேப்பாங்க. மட்டை எந்தப் பக்கம் சாஞ்சிருக்கு, தூக்கணாங்குருவி எந்தப் பக்கமாக் கூடு கட்டியிருக்கு, போயிப் பாத்துட்டு வான்னு அனுப்புவேன். பெரும்பாலும் மழைக் காத்துக்கு மறைவா கெழக்குப் பக்கமாத்தான் தொங்கும்.

கேள்வி: ஏஐல பனங்காட்டு யட்சின்னு கேட்டா நொடில படம் வருதே, எதுக்குங்க இவ்ளோ கஷ்டம்?

போட்டுப் பாத்தோம். தென்னை வந்துச்சு. பனைன்னு அழுத்திக் கேட்டோம், ஈச்ச மரம் வந்துச்சு, பின்னாடி ஒட்டகம்.

கேள்வி: முனி, யட்சின்னு சொல்லிக்குடுத்தா ராத்திரி பசங்க பயந்துக்க மாட்டாங்களா?

ஒரு வாரம் பயப்படுவாங்க, அப்பறம் தம்பி தங்கச்சிய பயமுறுத்த ஆரம்பிச்சுருவாங்க. ரொம்பச் சின்னக் குழந்தைன்னா யட்சி வேண்டாம், கன்னிமார் சாமில இருந்து ஆரம்பிங்க, கொளத்து மேட்டுல ஏழு கல்லு, அவ்ளோதான்.

கேள்வி: நான் இப்ப பெங்களூருல ஃப்ளாட்டுல இருக்கேன். ஊரப் பத்தி எழுத ஆசை, ஆனா அங்க இல்லையே?

டோல்கீன் சேர்ஹோல்லயா உக்காந்து எழுதுனாரு? விஜயன் கசாக்க எழுதி முடிச்சப்போ டெல்லில இருந்தாரு. ஊர்லயே இருக்கற எனக்குத்தான் எழுத வரல. ஊருக்கு வர்றப்போ பேரு மட்டும் கேட்டுட்டுப் போங்க. அந்தக் கொடி பேரென்ன, அந்தக் குருவி பேரென்ன, அந்த மேட்டுக்கு ஏன் அந்தப் பேருன்னு பெருசுங்க கிட்ட கேட்டு போன்ல பதிஞ்சு வெச்சுக்கங்க, அவங்க போயிட்டா அது கூடவே போயிரும். செடின்னு எழுதுனா யாருக்கும் ஒண்ணும் தெரியாது, பெரண்டைன்னா நாக்கு அரிக்கும்.

கேள்வி: வாயனசாலைல தொங்கற அந்தக் குருவிக்கூடு எதுக்கு?

மேல சொன்ன நாலாவது பனைல இருந்து எடுத்தது. தூக்கணாங்குருவி கூட்டுக்குள்ள களிமண் அப்பி வெச்சிருக்கும், நெசமாவே, கைய விட்டுத் தொட்டுப் பாக்கலாம். மின்மினிப் பூச்சியப் புடிச்சு அந்த மண்ணுல ஒட்டி வெச்சு ராத்திரிக்கு லைட்டுப் போட்டுக்கும்னு எங்க அம்முச்சி சொல்லுவாங்க. பூச்சிய யாரும் பாத்ததில்ல, மண்ணு மட்டும் இருக்கு. புதுசா சேர்ற பசங்க கிட்ட மொத நாளு இதத்தான் குடுக்கறது, வெரல விட்டுப் பாத்துட்டு வரையச் சொல்லி. போன மாசம் வந்த அஞ்சாங்கிளாஸ் பொண்ணு ஒண்ணு கூட்டுக்குள்ள மீட்டர் பாக்ஸும் வரைஞ்சிருக்கு, கரண்டு பில்லு குருவி பேருல.